கொரோனாவின் இரண்டு ஆண்டுகள்: செட்டிநாட்டில் ஆட்சி எந்த வாசல் வழியாக வந்தது?

கானாடுகாத்தான் கடைவீதி எழுதியது:

ஊர்க்காரர்களுக்கு வணக்கம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து 2022 பிப்ரவரி வரை நம் பக்கத்தில் அன்றாட வாழ்க்கையும் அரசியலும் எப்படி மாறின, அதில் எது இன்னும் நம்மோடு இருக்கிறது என்று ஊர் ஊராக எழுதி வைக்க இந்த இழையைத் தொடங்குகிறேன். சென்னையைப் பற்றியும் கோயம்பேட்டைப் பற்றியும் எவ்வளவோ படித்துவிட்டோம். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், பொன்னமராவதி வட்டாரத்தில் நடந்ததை நாம்தான் எழுத வேண்டும்.

எனக்கு இன்னும் மனது ஆறாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கானாடுகாத்தான் பேரூராட்சி. பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கண்டனூர் எல்லாம் பேரூராட்சிகள்தான். காரைக்குடியும் தேவகோட்டையும் அப்போது நகராட்சிகள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்த பிறகு இந்த ஊர்கள் எதிலும் தேர்தல் நடக்கவில்லை. 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. கொரோனா வந்து அலை அலையாக ஆட்டி வைத்த காலம் முழுக்க எங்கள் ஊரில் ஒரு வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது. செயல் அலுவலர் இருந்தார். துப்புரவுப் பணியாளர்கள் இருந்தார்கள், அவர்கள் செய்த வேலைக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் "ஓட்டுக் கேட்டு வந்தீர்களே, இப்போதும் வந்து பாருங்கள்" என்று உரிமையோடு கூப்பிட ஆள் இல்லை.

பக்கத்தில் ஆத்தங்குடி கிராம ஊராட்சி. அங்கேயெல்லாம் 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் முடிந்து, 2020 ஜனவரி 6-ல் தலைவர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம் ஆவதற்குள் அவர்கள் தலையில் இது விழுந்தது. பிளீச்சிங் பவுடர் வாங்குவது, கிருமிநாசினி தெளிப்பது, வெளியூரிலிருந்து வந்தவர்களின் வீட்டுக்குத் தண்ணீரும் மளிகையும் போகிறதா என்று பார்ப்பது, கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுப்பது என்று எல்லாமே அவர்கள் வாசலுக்கு வந்தது. சிலர் நன்றாகச் செய்தார்கள், சிலர் செய்யவில்லை. ஆனாலும் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார். பெரிய பெரிய வீடுகள் உள்ள எங்கள் ஊருக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் எங்களுக்கு ஆட்சி எந்த வழியாக வந்தது? ரேஷன் கடை வழியாக. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், கூடவே விலையில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய். 2021 ஜனவரியில், தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால், பொங்கல் பரிசாக 2,500. ஆட்சி மாறியதும் மே, ஜூன் என்று இரண்டு தவணையாக 4,000, அப்புறம் 14 வகை மளிகைப் பொருள். முதல்வர் பழனிசாமி போய் முதல்வர் ஸ்டாலின் வந்தார், பணம் வந்த வழி அதேதான். அந்தத் தேர்தலில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 என்று திமுகவும், 1,500 என்று அதிமுகவும் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்ற பெண்களை இரண்டு கட்சியும் பார்த்திருந்தது என்பதுதான் என் எண்ணம். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு அந்த வரிசையும் ஒரு காரணம்.

உங்கள் ஊரில் எப்படி என்று எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம். நடந்ததை எழுதினால் போதும்.

---

ராயவரம் மருமகள் எழுதியது:

அண்ணே, நல்ல இழை. ஆனால் நீங்கள் எல்லையை விட்டுவிட்டீர்கள். செட்டிநாடு என்று நாம் சொல்வது சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலும் பரவிக் கிடக்கிறது. நமக்கு அது ஒரே மண். பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாவட்டம் பார்த்து நடப்பதில்லை. 2020 ஜூன் 1-ல் பஸ் விட்டபோது மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். சிவகங்கை மதுரையோடு போனது, புதுக்கோட்டை திருச்சியோடு போனது. கானாடுகாத்தானுக்கும் திருமயத்துக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டது. மதுரைக்கு இ-பாஸ் இல்லாமல் போகலாம், பக்கத்திலிருக்கும் திருமயத்துக்குப் போக இ-பாஸ் வேண்டும்.

எனக்குப் பிறந்த ஊர் பள்ளத்தூர், வாக்கப்பட்டது ராயவரம். அந்த ஜூலையில் எங்கள் சித்தப்பா தவறிப்போனார். கொரோனா இல்லை, மாரடைப்பு. இ-பாஸுக்குக் கல்யாணம், இறப்பு, மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டும், ஆதாரமும் ஏற்ற வேண்டும். விடிகாலையில் இறந்தவருக்குக் காலை எட்டு மணிக்கு எந்தச் சான்றிதழை ஏற்றுவது? மருத்துவமனைச் சீட்டைப் படம் எடுத்துப் போட்டோம். நிராகரித்துவிட்டார்கள். மறுபடியும் போட்டோம். அனுமதி வந்தபோது அங்கே எடுத்துவிட்டார்கள். வீட்டு முகப்பில் 20 பேர்தான் நிற்கலாம் என்று கணக்கு. செல்போனில் பார்த்து அழுதேன். என் சின்னம்மா இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 17-க்குப் பிறகு விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்தது. செப்டம்பரில் மாநிலத்துக்குள் இ-பாஸே வேண்டாம் என்றார்கள். நோய் அப்போதும் இருந்தது. கோடு போட்டவர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து எந்த ஊரும் எந்த ஊரும் கொண்டான் கொடுத்தான் என்று விசாரித்திருந்தால் கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்கலாம்.

---

கானாடுகாத்தான் கடைவீதி எழுதியது:

ஆச்சி, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்படி எழுதியதற்கு நன்றி. மண்டலக் கோடு நம் நடுவில் விழுந்ததை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த நாட்களில் திருமயம் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் கொத்தனார்களும் தச்சர்களும் கானாடுகாத்தானுக்கு வர முடியாமல் பாதியில் நின்ற வீட்டு வேலைகள் எத்தனையோ.

---

புதுவயல் அரவை எழுதியது:

எங்கள் ஊர் அரிசி ஆலைகளுக்குப் பேர் போனது. அரிசி அத்தியாவசியம் என்பதால் ஆலை ஓட அனுமதி இருந்தது. ஓட்ட ஆள்தான் இல்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் சிறப்பு ரயில் விட்டதும் கிளம்பிவிட்டார்கள், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, அவரவர் தாய் தகப்பனிடம் போக வேண்டாமா? உள்ளூர்ப் பையன்கள் மூட்டை தூக்க வந்தார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் இருந்து திரும்பி வந்தவர்கள், டிகிரி முடித்தவர்கள்கூட. ஒரு பையன் சென்னையில் ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவன், இங்கே நெல் அவிக்கும் தொட்டிப் பக்கம் நின்றான். தோள்பட்டை தோல் உரிந்து மஞ்சள் பூசிக்கொண்டு மறுநாளும் வந்தான்.

நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். அந்த வருஷம் கூலி 256 ரூபாய். அதுவரை அந்தப் பக்கம் தலைகாட்டாத வீடுகளிலிருந்தும் அட்டை கேட்டு வந்தார்கள். ஆனால் அப்போது நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்குத்தான். பேரூராட்சியில் இருப்பவனுக்குக் கிடையாது. நீங்கள் சொன்ன வார்டு உறுப்பினர் இல்லாத குறையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவின் இந்த முனையில் இருப்பவனுக்கு வேலை உண்டு, அந்த முனையில் இருப்பவனுக்கு இல்லை.

---

தேவகோட்டை டூ சிங்கை எழுதியது:

நான் அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் இருந்தேன். ஒரு நாடு எப்படி மாறிக்கொண்டது என்று இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் நம் ஊரை எடை போட முடியும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அங்கே முடக்கம். எங்களுக்கு அது ஜூனோடு முடியவில்லை. அறையை விட்டு வெளியே வர முடியாது. சாப்பாடு பொட்டலமாக வரும், சம்பளம் வந்தது, இலவச வைஃபை கொடுத்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள். இதை மறைக்கக் கூடாது. ஆனால் விடுதித் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த ஆண்டுக்குள் தொற்று வந்துபோனது என்று அந்த அரசே பிறகு சொன்னது. அடுக்குக் கட்டில் போட்ட அறையில் எங்கே போய் இடைவெளி விடுவது?

ஜூலை 10-ல் அங்கே பொதுத்தேர்தல். மேடைப் பிரச்சாரம் கிடையாது. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பேசினார்கள். வாக்காளருக்கு இரண்டு மணி நேர ஒதுக்கீடு கொடுத்தார்கள், முதியவர்களுக்குக் காலை நேரம். கூட்டம் சேர்ந்துவிட்டது என்று இரவு 8 மணிக்கு முடிய வேண்டிய வாக்குப்பதிவை 10 வரை நீட்டினார்கள். ஆளுங்கட்சி 93 இடத்தில் 83, பாட்டாளிக் கட்சி 10, சுதந்திரத்துக்குப் பிறகு அதுவரை எதிர்க்கட்சிக்கு அவ்வளவு இடம் கிடைத்ததில்லை. விடுதியில் அடைந்திருந்த எங்களுக்கு ஓட்டு இல்லை. எங்கள் நிலைமை தேர்தலில் பேசப்பட்டது, ஆனால் பேசியவர்கள் நாங்கள் இல்லை.

2021 தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலம் இல்லை. பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடந்து போகிற வழக்கம் அந்த வருஷம் நின்றது. கோயிலே பால்குடத்தைத் தயார் செய்து வைத்தது. நகரத்தார் கட்டிய கோயில், நம் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலேசியாவில் இருந்த என் மச்சான் வேறு ஒன்று சொல்வான். 2021 ஜூன் கடைசியில் அங்கே சோற்றுக்கு வழி இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் வந்து கொடுக்கலாம் என்று ஒரு இயக்கம் பரவியது. ஜனவரியிலிருந்து அவசரநிலை, நாடாளுமன்றம் கூடவில்லை. பிரதமர் முகைதீன் ஆகஸ்டில் பதவி விலகினார். நாடாளுமன்றம் கூடாத நாட்டில் பசியைச் சொல்ல ஜனங்களுக்கு ஒரு துணிதான் கிடைத்தது. நம் ஊரில் ரேஷன் கடை இருந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

---

திருப்பத்தூர் ரோடு எழுதியது:

எல்லாம் சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். 2021 ஏப்ரல் 6-ல் சட்டமன்றத் தேர்தல். அன்றைக்கு மாநிலத்தில் தினசரித் தொற்று 3,600-ஐ ஒட்டி இருந்தது. மே 21-ல் 36,184. இடையில் என்ன நடந்தது? பிரச்சாரம் நடந்தது. பிரியாணிப் பொட்டலம், வேன், ஆரத்தித் தட்டு, மாஸ்க் இல்லாத கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் வாக்குப்பதிவு முடிந்து ஐந்தாம் நாள் கொரோனாவில் இறந்தார். இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையம்தான் பொறுப்பு என்று ஏப்ரல் 26-ல் சென்னை உயர் நீதிமன்றமே கடுமையாகப் பேசியது. அதற்கு முன்பே 2020-ல் எம்.எல்.ஏ. ஜெ. அன்பழகன், எம்.பி. வசந்தகுமார், அமைச்சர் துரைக்கண்ணு என்று எத்தனை பேரை இழந்தோம்! அப்படியும் திருந்தவில்லை. தேர்தலை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்க வேண்டும். என் அண்ணன் மே மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் படுக்கைக்காகக் காரிலேயே காத்திருந்தார். பிழைத்தார், ஆனால் இப்போதும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

---

கண்டனூர் வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் அண்ணன் பிழைத்தாரே, அது பெரிய நிம்மதி. ஆனால் சட்டமன்றப் பொதுத்தேர்தலே நடக்காத மகாராஷ்டிராவிலும் டெல்லியிலும் நமக்கு முன்னாலேயே அலை உச்சிக்குப் போனது. டெல்டா வகை வைரஸ் எங்கேயும் தேர்தல் அட்டவணை பார்த்து வரவில்லை. தேர்தல் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தேர்தல்தான் கொண்டுவந்தது என்பது கணக்குக்கு ஒத்துவராது.

நான் வாக்குச்சாவடியில் பணியில் இருந்தவன். ஒரு சாவடிக்கு ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்தான் என்று பிரித்ததால் மாநிலத்தில் சாவடிகள் 88,000-ஐத் தாண்டின. எங்கள் பள்ளியில் எப்போதும் இரண்டு அறையில் நடப்பது அன்றைக்கு மூன்று அறையில் நடந்தது. வாசலில் வெப்பமானி, சானிடைசர், வலது கைக்கு ஒரு பாலித்தீன் கையுறை. கிழவிகளுக்கு அந்தக் கையுறை விரலில் நிற்காது. பொத்தானை அமுக்கும்போது நுனி மடங்கிக்கொள்ளும், "அமுங்கலையேப்பா" என்பார்கள். சத்தம் கேட்ட பிறகுதான் நம்புவார்கள். மாலையில் கையுறைகள் ஒரு டிரம் நிறைய. கடைசி ஒரு மணி நேரம் தொற்று உள்ளவர்களுக்கு. நாங்கள் பிபிஇ என்ற முழுப் பாதுகாப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம், பங்குனி வெயில் தாழ்ந்த பிறகும் உள்ளே வியர்வை ஆறாக ஓடியது. எங்கள் சாவடிக்கு ஒரே ஒருவர் வந்தார். அந்த ஒருவருக்காக ஒரு மணி நேரம் திறந்து வைத்திருந்ததில் எனக்குப் பெருமைதான். 80 வயதைக் கடந்தவர்களுக்குத் தபால் வாக்கும் அந்தத் தேர்தலில் வந்தது, அது இன்னும் ஒரு வடிவில் தொடர்கிறது.

மே 2-ல் காரைக்குடி அழகப்பா பொறியியல் கல்லூரியில் வாக்கு எண்ணிக்கை. தொற்று இல்லை என்ற சான்றோ இரண்டு தடுப்பூசிச் சான்றோ இல்லாமல் முகவர் உள்ளே வர முடியாது. காங்கிரஸின் மாங்குடி ஜெயித்தார், பாஜகவின் ஹெச். ராஜா தோற்றார், வெற்றி ஊர்வலத்துக்குத் தடை. சாவடிக்கு உள்ளே இவ்வளவு கவனம் இருந்தது. பிரச்சாரத் தெருவில் ஏன் இல்லை? நம் கேள்வி அங்கேதான் இருக்க வேண்டும். சட்டமன்றத்தையே 2020 செப்டம்பரில் கலைவாணர் அரங்கத்துக்கு மாற்றி இடைவெளி விட்டு உட்கார்ந்தவர்கள், பொதுக்குழுவைக் காணொலியில் நடத்திப் பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுத்த திமுக, எல்லோருக்கும் வழி தெரியும். சிங்கப்பூர்த் தம்பி எழுதியதைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தைத் தொற்றைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். சில மாதத்தில் தெருமுனைப் பிரச்சாரம் களைகட்டியது. மரத்தடியில் நூறு பேர் கூடிக் கணக்குக் கேட்பது ஆபத்து, மைதானத்தில் ஆயிரம் பேர் கூடிக் கைதட்டுவது ஆபத்து இல்லையா?

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இழை போதாது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, நல்ல பாடங்கள்தான், ஆனால் ஒரே டிவி உள்ள வீட்டில் மூன்று வகுப்புப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2021 நவம்பரில் முதல்முறையாக என் வகுப்பில் உட்கார்ந்தபோது அவர்கள் இரண்டாம் வகுப்பு. பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் ஊர்ப் பெண்கள் மாலையில் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களில் சிலர் பிறகு பி.எட். சேர்ந்தார்கள்.

---

கோட்டையூர்ப் பலகாரம் எழுதியது:

நான் அரசியல் பேச வரவில்லை, எங்கள் தொழிலைச் சொல்கிறேன். எங்களுக்குச் சீர்ப் பலகாரம்தான் வரும்படி. கல்யாணத்துக்கு 50 பேர் என்றதும் மண்டபங்களில் விளக்கு எரியவில்லை, சமையல்காரர்கள் வீட்டில் முடங்கினார்கள். ஆனால் பூட்டிக் கிடந்த வளவுகளைத் திறந்து வீட்டிலேயே கல்யாணம் செய்தார்கள். ஒரு தலைமுறையாக ஒட்டடை அடிக்காத இரண்டாம் கட்டுப் பகுதியில் இலை போட்டார்கள். கூட்டம் சின்னது, ஆனால் வர முடியாத சொந்தக்காரர்களுக்கெல்லாம் பலகாரம் அனுப்பினார்கள். மணகோலமும் தேன்குழலும் சீப்புச்சீடையும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் போனது அப்போதுதான் பெருகியது. தேன்குழல் வழியிலேயே நொறுங்கும் என்று டப்பாவின் அடியில் பொரியைக் கொட்டி, நடுவில் காகிதம் செருகிப் பழகினோம். இன்றைக்கு எங்கள் வியாபாரத்தில் பாதி அந்த வழிதான்.

மகளிர் குழுக் கடன் தவணை தள்ளிவைக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். எங்களுக்குக் கடன் கொடுத்த ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் அப்போதும் வாசலில் வந்து நின்றார். தள்ளிவைத்த மாதத்துக்கும் வட்டி ஏறியது. அதைக் கேட்க வார்டு உறுப்பினர் இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்போம். கடைவீதி அண்ணன் எழுதியதை அதனால்தான் இரண்டு முறை படித்தேன்.

---

பல்லவன் பயணி எழுதியது:

எது போனது என்றும் எழுதுங்கள். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பல்லவன் ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை, பிறகு ஓடியது. ஆனால் 2020 மார்ச் 20-ல் நிறுத்திய மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை திரும்ப வரவே இல்லை. கொரோனாவுக்காக எடுத்ததைக் கொரோனா போன பிறகு கொடுக்க வேண்டுமா இல்லையா? நம் ஊர்களில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை! பிள்ளைகளைப் பார்க்கச் சென்னைக்குப் போவதென்றால் இந்த ரயில்தான்.

---

ராயவரம் மருமகள் எழுதியது:

வந்தது என்று ஒன்றை நானும் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். ஊரடங்கில் எங்கள் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்து, பஸ் இல்லாமல், ஒரு மாதம் போல விட்டுவிட்டார்கள். கால் புண் ஆறாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது ஊர்ப் பெண் ஒருத்தியே பையோடு வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். சில மாதம் மாத்திரை தாமதமாகிறது, அதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் மாமியார் வாசலில் நாற்காலி போட்டு அவளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

---

கானாடுகாத்தான் கடைவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திருப்பத்தூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை: தேர்தலைத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பேரூராட்சியே சாட்சி. 2016-ல் தள்ளியது 2022 வரை போனது, பெருந்தொற்றில் கேட்க நாதியில்லாமல் நின்றோம். மலேசியாவில் சபா மாநிலத் தேர்தலுக்குப் பிறகு 2020-ல் தொற்று ஏறியதும் உண்மை. அதனால் தேர்தல் வேண்டும், கூட்டம் வேண்டாம் என்பதுதான் என் நிலை. வாத்தியார் சொன்ன சாவடிக் கவனத்தைப் பிரச்சாரத்துக்கும் சட்டமாக்கி வைக்க வேண்டும், அடுத்த நோய் வருவதற்கு முன்னாலேயே.

இனி ஒரு வேலை இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் நம் பேரூராட்சிகள் கிருமிநாசினிக்கும் தற்காலிகப் பணியாளருக்கும் எவ்வளவு செலவழித்தன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன். அப்போது கேள்வி கேட்க மன்றம் இல்லை, இப்போதாவது நாம் கேட்போம். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கண்டனூர்க்காரர்கள் ஊருக்கு ஒருவர் முன்வந்தால் ஒரே மாதிரிக் கேள்விகளாக எழுதி ஒரே வாரத்தில் அனுப்பிவிடலாம். மனுவின் நகலை நாளைக்கு இங்கே போடுகிறேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்ட மறக்காதீர்கள்.